காவடிக்கடை பத்மா படியில் படுத்த நாள்

அன்றைக்குக் கிருத்திகை. வெயில் இன்னும் சூடு பிடிக்கவில்லை. சரவணப் பொய்கைக் கரையில் கூட்டம் மட்டும் சூடு பிடித்துவிட்டது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளைகள் ஒரு பக்கம், ஈரப் புடவையோடு பெண்கள் ஒரு பக்கம், அரோகரா சத்தம் எல்லாப் பக்கமும். இத்தனைக்கும் நடுவே, மலைப்படி தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், தன் காவடிக்கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பொதட்டூர்பேட்டை பஸ் வந்துவிட்டதா என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள் பத்மா.

அந்த பஸ்ஸில் அவள் தங்கை தமயந்தி வருகிறாள். வந்து, பொய்கையில் முழுகி, ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே மலை ஏறப் போகிறாள். உடைந்த கை கூடியதற்கு முருகனுக்கு நேர்ந்துகொண்ட வேண்டுதல். அதைத் தடுக்கத்தான் பத்மா காத்திருந்தாள்.

சாமிக்குச் செய்வதைத் தடுக்கிறவளும் உண்டா என்று கேட்பீர்கள். கேளுங்கள், ஊரே கேட்டது. அவள் புருஷன் பரந்தாமனே காலையிலிருந்து அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "சாமி காரியம் பத்மா. குறுக்க நிக்காத. பாவம் வந்து சேரும்."

"வரட்டும். பாவம் எனக்கு வந்தா வந்துட்டுப் போவுது. அவளுக்கு இடுப்பு ஒடையக் கூடாது, அவ்ளோதான்" என்றாள் பத்மா.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பத்மாவைத் தெரியாதவர்கள் திருத்தணியில் குறைவு. வீட்டில் காவடி இல்லாமல் வெறுங்கையோடு வேண்டுதலுக்கு வருகிறவர்களுக்கு, மயில்தோகையும் மணியும் காகிதப்பூவும் கட்டிய காவடிகளை வாடகைக்குக் கொடுப்பது அவள் தொழில். மேலே போய் சாமி பார்த்துவிட்டு இறங்கும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு காவடிகூடத் திரும்பி வராமல் போனதில்லை. "இவ வாய்க்குப் பயந்து, எவனாவது தூக்கிகினு போனாக்கூட முருகனே கொண்டாந்து வச்சிட்டுப் போயிடுவாரு" என்பார் பரந்தாமன். தோளுக்கு இரண்டாக நாலு காவடியைச் சுமந்துகொண்டு, வெற்றிலையை மென்றபடி, கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு நடப்பாள். பிள்ளைப்பேற்றின்போதுகூட ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் நடந்தே போனவள். "என்னை இதுவரைக்கும் யாரும் தூக்கினது கெடையாது, கட்டையில போற அன்னிக்குத் தூக்கினா போதும்" என்று பெருமையடித்துக்கொள்வாள்.

பிறந்தது பொதட்டூர்பேட்டையில், நெசவுக் குடும்பத்தில். நைனா என்று அவர்கள் கூப்பிடும் அப்பாவின் கொட்டகையில் பவர்லூம் நாள் முழுக்க ஓடும். அக்காள் தங்கை இரண்டு பேருக்கும் நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் வேலை. பஞ்சுத்தூசி சோற்றில் இருக்கும், தலைமுடியில் இருக்கும், மூச்சிலும் இருக்கும். வயசுக்கு வரும் முன்பே இரண்டு பேருக்கும் இளைப்பு வந்துவிட்டது. கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தபோது பத்மா கொண்டுவந்த சீதனத்தில் அதுவும் ஒன்று. பாத்திரபண்டமெல்லாம் தேய்ந்து போயிற்று, இளைப்பு மட்டும் தேயவில்லை.

ஒரு மழைக்காலத்தில் மூச்சு வாங்கமாட்டாமல் பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரர் கையளவு காகிதத்தில் நாலைந்து மாத்திரைகளை மடித்துக் கொடுத்தார். அதில் ஒன்று சின்ன வெள்ளை மாத்திரை. மறுநாளே மூச்சு லேசாகிவிட்டது. எந்த மாத்திரை வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க பத்மாவுக்கு அதிக நாள் ஆகவில்லை. அதற்குப் பிறகு போய் நின்றாலே போதும், "அந்தச் சின்ன வெள்ள" என்பாள், அவர் அட்டையை எடுத்து வைப்பார். அவர் சீட்டு கேட்டதும் இல்லை, இவள் காட்டினதும் இல்லை. வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது.

அந்த மாத்திரை இன்னொரு வேலையும் செய்தது. பத்மாவின் முகம் உருண்டது. ஒடுங்கிக் கிடந்த கன்னம் பூரித்துப் பௌர்ணமி போல ஆயிற்று. கண்ணு பட்டுவிடும் என்று திருஷ்டி கழித்தார்கள். "இன்னா பத்மா, ஒடம்பு தேறிகினே போவுது, வூட்ல கவலையே இல்ல போலக்கீது" என்று கேட்டார்கள். அட கண்ணிருந்தும் குருடர்களே! அது தேறின உடம்பு இல்லை. உள்ளே எலும்பு உளுத்துக்கொண்டிருக்க, மேலே பூசி மெழுகின முகம். நம் ஊரில் சதை போட்டால் சுகம், இளைத்தால் சீக்கு, அவ்வளவுதானே கணக்கு?

பத்மாவும் அப்படித்தான் நம்பினாள். நம்பினதோடு விட்டாளா? "உனக்கு மட்டும் எப்பிடிக்கா மூச்சு நல்லாயிடுச்சு?" என்று தமயந்தி ஏக்கமாகக் கேட்டபோது, முந்தானையில் முடிந்து வைத்திருந்த அட்டையை அவிழ்த்துத் தங்கை கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் தங்கைக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நாளில் தமயந்தி முகமும் உருண்டது. அக்காளும் தங்கையும் ஒரே அச்சு என்று ஊர் மெச்சியது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். பத்மாவுக்குச் சறுக்கியது சமையற்கட்டு நிலைப்படியில். பெரிய விழுதல் இல்லை; கையை ஊன்றினாள், அவ்வளவுதான். மணிக்கட்டு கரண்டிக் காம்பு மாதிரி வளைந்துவிட்டது. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு எலும்பு உடைந்தால் போகும் வழி தெரியும். எல்லை தாண்டி, ஆந்திரா பக்கம் கட்டு கட்டும் வைத்தியர் ஒருவரிடம் போனாள். பச்சிலை, முட்டை, மூங்கில் பத்தை, துணி. கட்டு அவிழ்த்தபோது கை நேராகக் கூடியிருந்தது. அந்த மனுஷனைக் குறை சொன்னால் வாய் வெந்துபோகும். அவர் வேலை கையைக் கூட்டுவது, கூட்டினார். ஆனால், ஒரு நிலைப்படி இடறலுக்கு ஒரு எலும்பு உடையுமா, ஏன் உடைந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவர் கேட்கவில்லை, மருந்துக்கடைக்காரர் கேட்கவில்லை, புருஷன் கேட்கவில்லை, பத்மாவும் கேட்கவில்லை. கை கூடிவிட்டது அல்லவா? கூடினால் கதை முடிந்தது.

கதை முடியவில்லை. வேண்டுதல் பாக்கி இருந்தது. வெள்ளியில் ஒரு சின்னக் கை வாங்கி உண்டியலில் போட்டாள். பிறகு, மஞ்சள் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படிக்கும் குனிந்து குனிந்து பொட்டு வைத்துக்கொண்டு போனாள். பாதி மலையில் நடுமுதுகில் எதுவோ பொடுக்கென்று இற்றுப்போன மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மீதியையும் முடித்தாள். வேண்டுதலைப் பாதியில் விடுகிற ரத்தம் இல்லை அது.

அதற்கப்புறம் முதுகுவலி. வாயு என்றார்கள். ஊசி போடும் டாக்டரிடம் போனாள். அவர் ஊசி போட்டார். ஒரு வாரம் வலி அடங்கும், பிறகு திரும்ப வரும், திரும்பப் போவாள். இதற்கிடையில் கடையில் ஒரு வேடிக்கை நடந்தது. இருபது வருஷமாகக் காவடி மாட்டுகிற ஆணி ஒரு நாள் அவளுக்கு எட்டவில்லை.

"யோவ், ஆணிய எதுக்குய்யா ஏத்தி அடிச்ச?"

"நான் எங்க அடிச்சேன்? அது இருந்த எடத்துலதான் கீது."

"அப்ப சுவரு வளந்துடுச்சா?"

பரந்தாமன் சண்டை வேண்டாமென்று ஆணியைப் பிடுங்கிக் கொஞ்சம் கீழே அடித்தார். ஆறேழு மாசம் கழித்து அதுவும் எட்டவில்லை. அதையும் பிடுங்கி இன்னும் கீழே அடித்தார். இதைச் சொல்லிச் சொல்லி டீக்கடையில் சிரித்தார்கள். அடப்பாவி மனுஷர்களே, ஒரு பொம்பளை கண்ணெதிரே குள்ளமாகிக்கொண்டு வருகிறாள், நீங்கள் ஆணியை இறக்கி இறக்கி அடிக்கிறீர்கள்! ஆத்திரமாக வருகிறது எனக்கு. அந்தச் சுவரில் இரண்டு ஓட்டையும் அதற்குக் கீழே ஆணியும் வரிசையாக இருக்கிறது, இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

போன வருஷம் ஆடி முடிந்து ஒரு சாதாரண நாள். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். தோகைக் காவடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினாள். அதென்ன கனமா, ஒரு குடம் தண்ணீரில் பாதி இருக்காது. திரும்பினவள் அப்படியே சரிந்தாள். விழுந்ததால் உடைந்ததா, உடைந்ததால் விழுந்தாளா என்று அவளுக்கே தெரியாது. வலது இடுப்பு. வந்து பார்த்தவர்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடினார்கள்: "பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்." பழமொழி சொல்லத் தெரிகிறது. பட்ட காலிலேயே ஏன் படுகிறது என்று ஒரு நாளாவது யோசித்தோமா?

யோசித்த ஒருத்தியை பத்மா ஆஸ்பத்திரியில்தான் பார்த்தாள். சென்னை போகிற ரோட்டில் இருக்கும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். மூன்றாம் நாள் கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள் நர்ஸ் கயல்விழி. முப்பது வயசு இருக்கும், தொண்டை கட்டின குரல். ஐம்பது வயசுக்கு மேல் யாராவது சின்ன விழுதலில் எலும்பை உடைத்துக்கொண்டு வந்தால், அவர்களை இவள் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது அங்கே ஏற்பாடு. உடைந்ததை ஒட்டுவது டாக்டர் வேலை, அடுத்தது உடையாமல் பார்ப்பது இவள் வேலை.

"பத்மாம்மா, இதுக்கு முன்னாடி எங்கயாவது எலும்பு ஒடைஞ்சிருக்குங்களா?"

"கை. அது எப்பவோ கூடிடுச்சு."

"மாத்திரை எதாவது ரொம்ப நாளா சாப்புடறீங்களா?"

பத்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கயல்விழி அட்டையை வாங்கி மாத்திரையின் பெயரை எழுதிக்கொண்டாள். "முதுகு வலி இருக்கா? உயரம் கொறைஞ்ச மாதிரி இருக்கா?" என்று கேட்டாள். பரந்தாமன் இதுதான் சமயமென்று ஆணிக் கதையை அவிழ்த்துவிட்டுச் சிரித்தார். கயல்விழி சிரிக்கவில்லை. எழுந்து போய் முதுகை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். முதுகுத்தண்டில் மூன்று எலும்பு நசுங்கிக் கிடந்தது; எலும்பை இப்படி அரித்தது அந்த ஸ்டீராய்டு மாத்திரைதான் என்றாள்.

மறுநாள் எலும்பு டாக்டர், நுரையீரல் டாக்டர், நடக்கப் பழக்குகிறவர் எல்லாரும் ஒரே கட்டிலைச் சுற்றி நின்று பேசினார்கள். "பொண்ணு பாக்க வந்த மாதிரி இத்தினி பேரா?" என்றாள் பத்மா. மாத்திரையைத் திடுதிப்பென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மூச்சுக்கு வாயில் வைத்து இழுக்கிற மருந்து. எலும்புக்கு வருஷத்துக்கு ஒரு தரம் சொட்டு சொட்டாக ஏற்றும் மருந்து. தினம் எழுந்து நடை. ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரிந்திருந்தது. பத்மாவுக்கு அதுதான் அதிசயம். மூச்சை மருந்துக்கடையிலும், கையை எல்லைக்கு அப்பாலும், முதுகை ஊசி டாக்டரிடமும் கொடுத்து வைத்திருந்தவள் அவள். ஒரே உடம்பை ஊருக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டோமே என்று நினைத்தாள்.

"அந்தக் கை ஒடைஞ்சப்பவே வந்திருந்தீங்கன்னா, இந்த இடுப்பைக் காப்பாத்தி இருக்கலாம்மா" என்றாள் கயல்விழி. கடிந்து சொல்லவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான், வேறென்ன. பிறகு கேட்டாள்: "உங்க கூடப் பொறந்தவங்க யாராவது இதே மாதிரி மாத்திரை சாப்புடறாங்களா?"

 அந்தக் கட்டிலில் பத்மாவுக்கு இடுப்பு வலித்ததைவிட அந்தக் கேள்வி வலித்தது. நான்தானே கொடுத்தேன், என் கையால்தானே கொடுத்தேன் என்று அன்று முழுக்க அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தங்கைக்கு போன் போட்டாள். தமயந்தி கேட்டால்தானே? "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, நல்லா கீறேன்" என்று தட்டிக் கழித்தாள். நாலு காலுள்ள நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் தட்டுத் தடுமாறி நடக்கிற பத்மாவால் பொதட்டூர்பேட்டைக்கு பஸ் ஏற முடியாது. பரந்தாமனை அனுப்பினாள்; அவர் தங்கை வீட்டில் காபி குடித்துவிட்டு, "அவ கல்லு மாதிரிக்கீறா" என்று திரும்பி வந்தார். கயல்விழி அடிக்கடி போன் செய்து, நடக்கிறீர்களா, மருந்து இழுக்கிறீர்களா என்று விசாரிப்பாள். கூடவே, "தங்கச்சி எப்ப வராங்க?" என்றும் கேட்பாள். "வருவா, வருவா" என்பாள் பத்மா.

பிறகுதான் தமயந்தியிடமிருந்து அந்த போன் வந்தது. குரலில் அத்தனை சந்தோஷம்.

"அக்கா, உனுக்குச் சொல்லல, நீ பயந்துக்குவன்னு. எனுக்குக் கை ஒடைஞ்சிருந்துச்சு. உனுக்குக் கட்டினாரே, அவருகிட்டதான் கட்டினேன். இன்னிக்கு அவுத்தாங்க. நேரா கூடிடுச்சுக்கா! உன்ன மாதிரியே நானும் படிக்கு மஞ்ச வக்கறேன்னு வேண்டிகினேன். கிருத்திகைக்கு வரேன்."

பத்மாவுக்கு விளங்கிவிட்டது. தான் நடந்து வந்த பாதை முழுக்க அப்படியே தங்கை நடந்து வருகிறாள். அடுத்தது முதுகு, அதற்கடுத்தது இடுப்பு. "வேணாண்டி, குனியாதடி" என்று கெஞ்சினாள். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் மட்டும் வை, சாமி ஏற்றுக்கொள்வார் என்றாள். உனக்குப் பதிலாக மருமகளை வைக்கச் சொல் என்றாள். எதுவும் எடுபடவில்லை.

"நீ செஞ்சியே, உனுக்கு ஒரு ஞாயம் எனுக்கு ஒரு ஞாயமா?"

"நான் செஞ்சி முதுக நசுக்கிகினேன்டி!"

அதற்குத் தமயந்தி, "மனசுல ஏதோ கொறையோட செஞ்சிருப்பக்கா. இல்லன்னா சாமி கை உடுமா?" என்றாள். இப்படி ஒரு சொல்லை எதிரிகூடச் சொல்லமாட்டான். பத்மா போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆகவேதான் கிருத்திகையன்று, ஆட்டோ ஓட்டும் தணிகைமணியின் வண்டியில் நடைவண்டியையும் ஏற்றிக்கொண்டு, எட்டு மாசத்துக்கு அப்புறம் முதல் தடவையாகக் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தாள்.

தமயந்தி வந்தாள். பொய்கையில் முழுகிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட, மஞ்சள் தட்டோடு வந்தாள். பத்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தங்கையின் முதுகு மேலே லேசாகக் கூன் போட்டிருந்தது. கையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ரத்தம் கட்டின கறுப்புத் திட்டுகள். முகம் மட்டும் பௌர்ணமி.

"பாவா, எப்பிடிக் கீறீங்க?" என்று பரந்தாமனைக் கேட்டுவிட்டு, அக்காவின் கன்னத்தைத் தடவினாள். "நீ எதுக்குக்கா இந்த நெலமையில வந்த?"

"உன்னக் கூட்டிகினு போவ. வெளியில ஆட்டோ நிக்குது. கயல்விழிப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டேன். வந்து உக்காரு."

"மொதல்ல வேண்டுதல முடிச்சிட்டு வரேன்."

"முடிச்சப்புறம் ஆட்டோ இல்லடி, ஆம்புலன்சுதான் வரும்."

"நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசாதக்கா." தமயந்திக்குக் கோபம் வந்துவிட்டது. விடுவிடுவென்று முதல் படிக்குப் போனாள்.

பத்மா எழுந்தாள். நடைவண்டியை ஊன்றி ஊன்றி, மூச்சிரைக்க, தங்கை பின்னாலேயே போனாள். பரந்தாமன் வேண்டாம் வேண்டாமென்று கத்திக்கொண்டே வந்தார். தமயந்தி கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள். தட்டில் விரலைத் தோய்த்துக்கொண்டு குனியப் போனாள். அப்போது பத்மா நடைவண்டியை விட்டுவிட்டாள்.

மெதுவாக உட்காரத்தான் நினைத்தாள். கால் இடம் கொடுக்கவில்லை. பாதியில் நிலை தவறி, இடது பக்கமாகக் கல்லில் விழுந்தாள். விழுந்தவள் அப்படியே நகர்ந்து முதல் படியில் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

கூட்டம் நின்றுவிட்டது.

"தாண்டிகினு போடி" என்றாள் பத்மா.

படுத்திருக்கிறவரைத் தாண்டக் கூடாது என்று நமக்குக் குழந்தையிலேயே சொல்லி வளர்க்கிறார்கள். தாண்டினால் ஆகாது. அதுவும் மூத்தவளை, அதுவும் சாமி படியில். தமயந்தி தூக்கின காலைக் கீழே வைத்தாள்.

"எழுந்திரிக்கா. எல்லாம் பாக்கறாங்க."

"பாக்கட்டும். சாமி படிக்கு மஞ்ச வக்கணும்னா என்னத் தாண்டிகினு போய் வையி. இல்லன்னா ஆஸ்பத்திரிக்கு வரேன்னு சொல்லு."

"இன்னாக்கா இது அழிச்சாட்டியம்? எல்லாம் வயித்தெரிச்சல். உனுக்கு ஒடைஞ்சிபோச்சி, எனுக்குக் கூடிடுச்சின்னு வயித்தெரிச்சல்!"

சொல்லிவிட்டாள். சொன்னதும் அவளுக்கே அழுகை வந்துவிட்டது.  வேர்வை பத்மாவின் முகத்தில் மணி மணியாகத் துளிர்த்திருந்தது. பின்னால் காவடி தூக்கினவர்கள் வழி விடச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். யாரோ ஒருத்தி, சாமி படியை மறித்துக்கொண்டு இதென்ன கூத்து என்று வைதாள். இரண்டு பேர் தூக்கிவிட வந்தார்கள். "கிட்ட வந்தீங்க, நடக்கறதே வேற" என்று பத்மா போட்ட அதட்டலில் விலகிக்கொண்டார்கள்.

"அந்த மாத்திரைய உனுக்குக் குடுத்தது நாந்தான்டி" என்றாள் பிறகு, மெதுவாக. "விஷம்னு தெரியாம குடுத்தேன். நைனா சாவும்போது உன்ன என் கையில புடிச்சிக் குடுத்துட்டுப் போனாரு. இந்தக் கையிலதான். வேண்டுதல உட்டதுக்குச் சாமி தப்பா எடுத்துக்கினா, அந்தத் தண்டன எனுக்கு வரட்டும். இதோ, அவரு படியிலியே படுத்துகினு சொல்றேன். நீ வந்து காட்டு. அவ்ளோதான் கேக்கறேன்."

தமயந்தி மஞ்சள் தட்டோடு படியோரம் உட்கார்ந்து, அக்காவின் முகத்தை அப்போதுதான் உற்றுப் பார்த்தாள். அக்கா பொறாமையில் வந்து படுக்கவில்லை என்று பார்த்தவளுக்குப் புரிந்துவிட்டது. "வரேன்க்கா. வரேன். எழுந்திரு" என்றாள்.

"சத்தியம் பண்ணு."

"சத்தியமா வரேன்."

"சாமி மேல."

"தணிகாசலத்து முருகன் மேல சத்தியமா வரேன்க்கா!"

பத்மா கண்ணை மூடிக்கொண்டாள். பல்லைக் கடித்திருந்த தாடை அப்போதுதான் தளர்ந்தது. "ஆங். இப்பத் தூக்குங்க" என்றாள். "மெதுவா. இந்தப் பக்கமும் போயிடுச்சி."

பரந்தாமன் தலையில் அடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். விழுந்தபோதே உடைந்துவிட்டிருக்கிறது. உடைந்த இடுப்போடுதான் இத்தனை நேரம் தங்கையோடு வாதாடிக்கொண்டிருந்திருக்கிறாள் மகராசி. கடையிலிருந்து நீளப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து, நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். யாரும் தூக்கக் கூடாது என்று இருந்தவள் வலியில் ஒரு சத்தம் போட்டாள், பொய்கைக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது.

ஆம்புலன்சில் தமயந்தியும் ஏறினாள். இறங்குகிறவரைக்கும் அக்காவின் கையை விடவில்லை, மஞ்சள் தட்டையும் கீழே வைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் பரந்தாமனைத் தனியாக அழைத்துப் போனார். இடுப்பு நன்றாகவே உடைந்திருக்கிறது, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, இந்த மூச்சை வைத்துக்கொண்டு இன்னொரு ஆபரேஷன் தாங்குவாளா என்று பார்க்க வேண்டும், தாங்கினாலும் இனி நடப்பது கஷ்டம்தான் என்றார். பரந்தாமன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு, "ஆணிய எறக்கி எறக்கி அடிச்சேனே" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

தகவல் கேட்டு ஓடி வந்த கயல்விழி ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? எட்டு மாசம் எவ்வளவு கஷ்டப்பட்டு நடந்தீங்க?" என்றவள், ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையை எடுத்து பத்மாவின் கையில் சுற்றப் போனாள்.

பத்மா அந்தக் கையை இழுத்துக்கொண்டாள். ஈரப் புடவை காயாமல், மஞ்சள் தட்டும் கையுமாகச் சுவரோரம் நடுங்கிக்கொண்டிருந்த தங்கையைக் காட்டினாள்.

"மொதல்ல அவளப் பாரும்மா. எனுக்குத்தான் ஒடைஞ்சி போச்சே, இனிமே இன்னா அவசரம்?"